ரெண்டு இஞ்ச் மூச்சு

இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் என் இஸ்திரிப் பெட்டி சூட்டோடு என் கால்மேலேயே விழட்டும்.

எங்கள் தையல் கடையில் அண்ணனும் தம்பியும் வேலை பார்த்தார்கள். தம்பி அளவெடுப்பார். அண்ணன் துணி வெட்டுவார். நான் இஸ்திரி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோட்டு பாழாய்ப் போனது. அளவு தப்பு என்றார் அண்ணன். வெட்டு தப்பு என்றார் தம்பி. அன்றைக்கு நின்ற பேச்சுதான். தம்பி எழுதும் அளவுச் சீட்டுகூட என் கைவழியாகத்தான் அண்ணனுக்குப் போகும்.

தம்பிக்கு ஒரு கஷ்டம். அக்குள் நாற்றம். மூணு வேளை குளிப்பார். கிருமி கொல்லும் சோப்பு, அதன்மேல் ஸ்ப்ரே, அதன்மேல் பவுடர். அவர் ஸ்ப்ரே அடித்தால் எதிர்க்கடைப் பூனை ஏழு தடவை தும்மும், எண்ணியிருக்கிறேன். பத்து மணிக்கெல்லாம் ஸ்ப்ரே தோற்றுவிடும், நாற்றம் ஜெயித்துவிடும்.

டேப்போடு அவர் கையைத் தூக்கினால் போதும், அளவு கொடுக்க வந்தவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். மார்பு ரெண்டு இஞ்ச் ஏறும். அந்த அளவில் தைத்த சட்டைக்குள் அவரோடு அவர் மச்சானும் நுழையலாம்.

மூணு சட்டை திரும்பி வந்ததும் முதலாளியம்மா தம்பியைக் கூப்பிட்டார்.

"இன்னும் ஒரு சட்டை திரும்பி வந்தா, டேப்பை வெச்சிட்டுப் பின்னாடி ரூம்ல பட்டன் தைக்கப் போயிடுங்க."

"இருபது வருஷமா இந்த டேப்புதாம்மா எனக்குக் கை."

"அதைச் சட்டை போடுறவங்ககிட்ட சொல்லுங்க."

அடுத்த நாள் தோல் டாக்டரம்மா ஒருவர் வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். அவர் மட்டும் மூச்சைப் பிடிக்கவில்லை. நன்றாக இழுத்து மோந்து பார்த்தார்.

"என்னென்ன போடுறீங்க?"

தம்பி பட்டியலைச் சொன்னார்.

"வேர்வைக்குன்னு தனியா நாத்தம் கிடையாது. தோல்ல இருக்கிற கிருமிங்க அதைத் தின்னுட்டுப் பண்ற வேலை. அதுல சாதுவும் உண்டு, முரடனும் உண்டு. நீங்க போட்ட மருந்துல சாதுவெல்லாம் செத்து, முரடனுங்க மொத்த வீட்டையும் பிடிச்சுக்கிட்டானுங்க போல. எல்லாத்தையும் நிறுத்துங்க. சாதா சோப்பும் தண்ணியும் போதும்."

"போயிடுமா டாக்டர்?"

"முதல்ல ஏறும். ஒரு மாசத்துல அடங்கலாம். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

ஒரு மாசம். அதற்குள் ஒரே ஒரு சட்டை திரும்பி வந்தால் டேப் போச்சு.

டாக்டரம்மா சொன்னபடி ஏறியது. பூனை தெருவையே காலி செய்துவிட்டுப் போய்விட்டது.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வெட்டுகிற மேஜையை ஜன்னலோரம் தள்ளிப் போட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மூக்கை மூடி ஒரு கர்சீப்பும் கட்டிக்கொண்டார்.

"கூடப் பிறந்தவன்யா அவன்," என்றேன்.

"மூக்கு என்னோடது," என்றார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். கல்நெஞ்சன் என்று கடையே அண்ணனைக் கரித்துக்கொட்டியது. நான் கொஞ்சம் அதிகமாகவே கொட்டினேன்.

அதிசயம் பாருங்கள், ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை. அளவு கொடுத்தவர்கள் என்னவோ முத்துக் குளிக்கிறவர்கள் மாதிரி மூச்சடக்கித்தான் நின்றார்கள். சட்டை மட்டும் கச்சிதம்.

"நாத்தம் உடம்புலதான் பெரியவரே. டேப்புல இல்ல," என்று தம்பி என்னிடம் மார்தட்டினார்.

மாசம் முடிந்தது. நாற்றமும் மெல்ல அடங்கியது. ஒரு குண்டு மனிதர் அளவு கொடுத்துக்கொண்டே தன் மாமியார் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். ஒரு தடவைகூட மூச்சைப் பிடிக்கவில்லை. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு வாரத்தில் அதே மனிதர் புதுச்சட்டையோடு வந்து நின்றார். சட்டை இறுகி, நடுப் பட்டன் தெறித்துப் போயிருந்தது.

முதலாளியம்மா தம்பியிடம் கையை நீட்டினார். "டேப்பைக் குடுங்க."

தம்பி நேரே அண்ணன் மேஜைக்குப் போய், சீட்டு குத்தி வைக்கும் கம்பியை எடுத்தார். மேல் சீட்டில் அவர் எழுதியிருந்த நாற்பத்துநாலைப் பென்சிலால் அடித்து, நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்ததிலும் ரெண்டு குறைவு. அதற்கடுத்ததிலும். ஒரு மாசத்துச் சீட்டு பூராவும்.

அண்ணன் திரும்பினார்.

"அளவு சரிதாம்மா. வெட்டுதான் தப்பு."

முதலாளியம்மா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

தம்பி கம்பியை மேஜைமேல் திரும்ப வைத்தார். அப்புறம் சொன்னார்: "அந்தக் கர்சீப்பை அவுத்துடுண்ணே. நாத்தம் போய் ஒரு வாரத்துக்கு மேலாச்சு."

இதையெல்லாம் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். என் பேன்ட் துணி இப்போது அண்ணன் மேஜையில் இருக்கிறது. கத்திரியும் அவர் கையில்தான் இருக்கிறது.