காபன் தண்டு

லண்டன் கிங்ஸ்பரிக் கோயில் வீதியில் காலை வெயில் பளீரென்று அடிக்கிறது. அம்மன் பட்டும் மாலையுமாகப் பீடத்தில் காத்திருக்கிறாள். பீடத்தின் இரு பக்கமும் கட்டியிருக்கும் கறுத்த தண்டுகளில்தான் எல்லோருடைய கண்ணும். சுவாமியைத் தோளில் காவத் தண்டு கொடுப்பது யோகராஜா குடும்பத்தின் உரிமை. இந்த வருடம் அவற்றை மரத்தை விட்டுக் காபன் நாரில் செய்து வந்திருப்பவள் அவருடைய மகள் சிவரூபினி. விமானச் சிறகு வடிவமைக்கும் பொறியியலாளர். "என்ன அண்ணை, அம்மாளைத் தண்ணிக் குழாயிலயோ தூக்கப் போறியள்?" என்று, சுவாமி காவ வந்திருக்கும் பரமலிங்கம் யோகராஜாவைக் கேட்க, பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "குழாய் இல்லை மாமா, கொம்பசிட்," என்கிறாள் சிவரூபினி. "நாரைப் பிசினிலை தோய்ச்சு அடுக்கடுக்காய்ச் சுத்தியிருக்கு. நார் தனிய எண்டால் துவளும், பிசின் தனிய எண்டால் வெடிக்கும். ரெண்டும் ஒண்டாய் இறுகினால் மரத்தைவிடப் பாரம் தாங்கும்." யோகராஜா நிமிர்ந்து நடந்துபோய் முன்தண்டுக்குத் தோள் கொடுக்கிறார். பரமலிங்கமும் பக்கத்தில் குனிகிறார். தண்டு முறிந்தால் அம்மன் நிலத்தில். குடும்பத்தின் பெயரும் அங்கேதான். தவில் அதிர்கிறது. "அரோகரா!" தண்டு மெல்ல வளைகிறது. சிவரூபினி குனிந்து அந்த வளைவைப் பார்க்கிறாள். வளைந்த தண்டு அதற்குமேல் ஒரு நூலளவும் இறங்காமல் நிற்கிறது. மாலைகள் குலுங்க அம்மன் பூப்போல எழும்புகிறாள். நாதஸ்வரக்காரர் உற்சாகத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு வேகம் பிடிக்கிறார், காவுகிறவர்களின் கால்கள் தாமாகவே ஆடுகின்றன. முதல் சுற்று முடிந்து, அடுத்தவர்கள் தோளில் துண்டைப் போட்டபடி மாற வருகிறார்கள். பரமலிங்கம் தண்டை இறுக்கிக் கட்டிப்பிடிக்கிறார். "அங்கால போங்கோடா! அடுத்த சுத்தும் நான்தான்!"