பங்களா வளைவு

“இன்னிக்கு நான் இறங்க மாட்டேன் வீரம்மா. மழை கொட்டட்டும், இடி விழட்டும். பங்களாவைத் தாண்டுற வரைக்கும் இந்தச் சீட்டை விட்டு எழும்பவே மாட்டேன்!”

சைக்கிள் ஹாண்டிலில் காகிதக் கொடியைக் கட்டிக்கொண்டே சொன்னான் சன்னாசி. சொல்லும்போது மீசையும் சேர்ந்து ஆடியது. சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் அதற்கு ஈடாக இன்னொரு மீசை கிடையாது. அவன் ஈப்போ பஸ்ஸில் ஏறினால், மீசைக்குத் தனி டிக்கெட் கிழிக்கலாமா என்று கண்டக்டரே யோசிப்பாராம்.

“நேத்திலேர்ந்து ஆட்டைக் காணோம். அதைத் தேட நேரமில்ல, கள்ளுக்கடையில மீசைக்குப் பந்தயம் கட்ட மட்டும் நேரமிருக்கு” என்றபடி அவன் மனைவி பின் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

பந்தயம் முந்தின நாள் சாயங்காலம் மூண்டது. “மெர்டேக்கான்னு சுதந்திரம் கெடச்சு நாளையோட இருபத்திரண்டு வருசமாகுது. கொடி மாறிச்சு, பாட்டு மாறிச்சு, காசுல இருந்த ராணி தலைகூடப் போயிருச்சு. தொரை பங்களா வளைவுல சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறது மட்டும் மாறலியே, ஏன்?” என்று சன்னாசி குவளையைத் தட்டிக் கேட்டான்.

“மானா போலே லா, அதெப்படி முடியும்! எந்த ஆம்பள இறங்காமப் போயிருக்கான்?” என்றான் கூட்டாளி ஐயாவு.

“நான் போறேன். இறங்கினா இந்த மீசையை எடுத்துர்றேன்!”

கள்ளுக்கடை அப்படியே உறைந்துபோனது. ஈக்கள்கூடப் பறப்பதை நிறுத்திவிட்டன.

மீசை ஊருக்குச் சொன்ன சாக்குதான். சன்னாசி சின்னப் பையனாக இருந்தபோது, அவன் அப்பா ஒருநாள் அவசரத்தில் அந்த வளைவில் இறங்காமல் போய்விட்டார். துரை கூப்பிட்டு நிறுத்தி, புதுச் சைக்கிளைக் கால்வாயில் போடச் சொன்னார். அப்பாவின் கையாலேயே போடச் சொன்னார். அதன் பிறகு அப்பா சைக்கிளைத் தொடவில்லை. சாகும்வரை ரப்பர் பால்வெட்டுக்கு நடந்தேதான் போனார். இன்று அந்த வளைவை நிமிர்ந்து தாண்டிவிட்டு, பள்ளித் திடலில் கொடியேற்றம் முடிந்ததும் மேடையேறிச் சுதந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும். தாண்டாவிட்டால் எந்த வாயால் பேசுவது?

சைக்கிள் கிளம்பியது. சாட்சிக்கு ஐயாவுவும் இன்னொரு கூட்டாளி சீனியும் ஆளுக்கொரு சைக்கிளில் பின்னால் வந்தார்கள்.

“கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டு வாரோம் மச்சான்! குண்டி சீட்டுலயே இருக்கணும்!” என்று கத்தினான் ஐயாவு.

“அண்ணே, பார்பர் கடைக்குச் சொல்லி வச்சிரவா?” என்றான் சீனி. “ரெண்டு கத்தி வேணும்னு சொல்லணும்.”

“சிரிங்கடா, சிரிங்க. திரும்பி வரும்போது இதே மீசையில உங்க ரெண்டு பேரையும் கட்டித் தொங்கவிடுறேன்.”

வீரம்மா அவன் முதுகில் குத்தினாள். “அவனுங்க கூட என்ன பேச்சு? நேராப் பாத்து மிதிங்க. செத்துப்போன மாமா மேல சத்தியமா இறங்கக் கூடாது, சொல்லிட்டேன். இறங்கினீங்க, ராவுக்குச் சோறு கெடையாது.”

“தொரையோட பாட்டனே வந்து நின்னாலும், மணி அடிச்சு ஓரமாப் போகச் சொல்லுவேன் புள்ள.”

“எங்கே, இப்ப அடிங்க பாப்போம்.”

“வளைவு வரட்டும்.”

வளைவு வந்தது.

செம்பருத்தி வேலி தெரிந்ததும் பின்னால் சிரிப்பு நின்றது. மேட்டில் பங்களாவின் வெள்ளைத் தூண்கள் எழுந்தன. சன்னாசியின் கட்டைவிரல் மணியின் மேல் போய் உட்கார்ந்தது. அடிக்கவில்லை, உட்கார்ந்ததோடு சரி. வியர்வை மீசை வழியாக அருவி மாதிரி இறங்கியது. அப்பா, அப்பா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே மிதித்தான்.

திடீரென்று மிதி லேசாகிவிட்டது. அப்பாவே வந்து பின்னாலிருந்து தள்ளுகிறார் என்று சிலிர்த்துப்போய்த் திரும்பினான்.

கேரியர் காலியாக இருந்தது. சோறு கிடையாது என்று சொன்ன வீரம்மா எப்போதோ குதித்து இறங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்தி, சாலையோரம் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

அதே நேரம் பங்களா வராந்தாவில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

அவ்வளவுதான். சன்னாசியின் கால்கள் அவனைக் கேட்காமலே தரைக்கு வந்துவிட்டன. இடது கை சைக்கிளைப் பிடித்தது. வலது கை தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் செருகிவிட்டு நெற்றிக்குப் போனது.

“சலாம் தொரை!”

வராந்தாவில் இருந்த உருவம் எதையோ மென்றபடி மெல்லத் தலையைத் திருப்பி, அவனை மேலும் கீழும் பார்த்தது.

“மீசை போச்சு மச்சான்” என்று முணுமுணுத்தான் ஐயாவு.

“நீ எங்கேர்ந்துடா பாத்தே?” என்று திரும்பினான் சன்னாசி. சாட்சிகள் இரண்டு பேரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி தரையில்தான் நின்றார்கள். ஹாண்டிலில் கொடி மட்டும் படபடத்தது.

அப்போதுதான் வீரம்மா தலையை நிமிர்த்தினாள். “அடி சண்டாளி! ஊரெல்லாம் உன்னைத் தேடுறேன், நீ இங்கயா ஏறி நிக்கிறே?” என்று கூவிக்கொண்டே, விழுந்து கிடந்த கேட்டைத் தாண்டி ஓடி, கூரை சரிந்த வராந்தாவிலிருந்து தன் வெள்ளை ஆட்டைத் தாடியைப் பிடித்து இழுத்து வந்தாள்.

துரை சீமைக்குக் கப்பலேறிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கால்களுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.