மூடிய மதகு

உச்சி வெயிலில் ஷவ்கியின் குளத்து மீன்களெல்லாம் மேலே வந்து, வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தன. மேல்பண்ணையைத் தாண்டி வரும் கால்வாய்த் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

"அந்த மேல்பண்ணை அத்தியாதான் மதகை மூடியிருக்கான்," என்றாள் மனைவி ஸபாஹ். "அவன் தங்கச்சியை உங்க தம்பி வேண்டாம்னு சொன்னதுக்குப் பழி வாங்குறான்."

"நேரா வந்து சண்டை போட வக்கில்லை. வாயில்லாத மீன்கிட்ட காட்டுறான் வீரத்தை!" என்றான் ஷவ்கி.

கடப்பாரையோடு போய் மதகுப் பலகையை அடித்து நொறுக்கினான். தண்ணீர் குபுகுபுவென்று தன் குளத்தில் பாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

கரையோரமாக மீன் டாக்டர் நஜ்லா ஓடிவந்தாள். பின்னாலேயே அத்தியா.

"ஐயோ, யார் இதை உடைச்சது?" என்று கத்தினாள் நஜ்லா.

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"அண்ணே, இவர் குளத்துல நோய் விழுந்து மீன் மொத்தமும் செத்து மிதக்குது. அந்தத் தண்ணி கால்வாயில கலந்து உங்க பக்கம் வரவே கூடாதுன்னுதான் மதகை மூடினாரு."

அத்தியாவின் கண்கள் சிவந்திருந்தன. "என்னுதுதான் போச்சு, உன்னுதாவது பிழைக்கட்டும்னு நெனச்சேன் ஷவ்கி. காலையிலயே சொல்ல வந்தேன். உன் பொண்டாட்டி மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டா."

ஷவ்கி தண்ணீரில் குதித்து, உடைப்பில் முதுகைக் கொடுத்து அடைத்தான். அத்தியாவும் இறங்கித் தோள் கொடுத்தான். இருவர் விலாவையும் உரசிக்கொண்டு தண்ணீர் போய்க்கொண்டேயிருந்தது.

புதுத் தண்ணீர் கண்ட மீன்கள் அதை நோக்கி முண்டியடித்துக்கொண்டு வந்தன.