முதல் ஓலை

எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மணமக்களின் ஓலையை, அதாவது கல்யாண அறிவிப்பை, வாசிப்பார்கள். அன்று போதகர் ஐயர் ஒரு ஜோடியின் பெயரை வாசித்து, "தடை ஏதும் உண்டா?" என்று கேட்டார். நான் எழுந்தேன். "இவங்களுக்கு ஒரு தடையும் இல்ல ஐயரே. நான் எழுதிக் கொடுத்த ஓலையைத்தான் விட்டுட்டீங்க." பைபிளுக்குள்ளிருந்து நகலை எடுத்து நானே வாசித்தேன்: "மாப்பிள்ளை, என் மகன் ஜெனிஷ். இன்னொரு மாப்பிள்ளை, ஆல்வின்." ஆண்கள் பக்கமிருந்து என் வீட்டுக்காரர், "உக்காருடி" என்று பல்லைக் கடித்தார். போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார். எனக்குப் பிடித்த பாட்டுதான், நானும் பாடினேன். முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. "இது முதல் வாசிப்பு," என்றேன். "இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்கு."