கோச்சுக்கு ஒரு கேரியர்

"இந்தக் கேரியர் ஆமிருக்கு இல்ல தம்பி, கோச்சுக்கு. பத்திரமா அவரு கையிலயே குடுத்துருங்க" என்றார் ஜுபைதா.

வேனில் ஏறப் போன சிலம்பரசனுக்குக் காது வரை சூடேறியது. மூன்றடுக்கில் பிரியாணி, தால்சா, தயிர்ப் பச்சடி. அதுவும் யாருக்கு? இவர் பெற்ற மகன் ஆமிரை இந்த சீசன் முழுக்க மைதானத்துக்குள் விடாமல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் ஆளுக்கு.

மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு பையன் பெங்களூரு கால்பந்து கிளப்பில் சேர்ந்தது ஊருக்கே பெருமை. அவன் ஆட்டத்தைப் பார்க்க ஒவ்வொரு மேட்சுக்கும் இங்கிருந்து ஒரு வேன் போகும். ஆமிர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு அதே வேன் திரும்பி வரும்.

"ஏங்கம்மா, நாங்க அந்தாளை வெளிய போன்னு கத்தறதுக்குப் போறோம். நீங்க பிரியாணி குடுத்தனுப்பறீங்க. ரெண்டாயிரம் பேரு கையெழுத்துப் போட்டு கிளப்பு மொதலாளிக்கு அனுப்புனோம். பெத்தவங்க நீங்க மட்டும் போடல."

"அவரு நல்ல மனுசன் தம்பி."

"நல்ல மனுசனை வெச்சு என்ன பண்றது? ஜெயிக்கணுமில்ல?" என்று வேனுக்குள்ளிருந்து தக்காளி மண்டி கருப்பண்ணன் குரல் கொடுத்தார். "பந்து கெடைச்சா முன்னாடி ஓட்டணும். இந்தாளு டீமு ரிவர்ஸ் கியர்லயே வண்டி ஓட்டுது. பதினாலு மேட்சுல ஒண்ணுகூட ஜெயிக்கல."

"இருக்கற ஆளுங்களை வெச்சுத் தடுத்து ஆடாம அவரு வேற என்ன பண்ணுவாருங்க?" என்றான் பின் சீட்டு சின்னராஜ். கோச்சுக்காகப் பேசுகிற ஒரே ரசிகன் அவன்தான்.

"நீ எறங்கி பஸ்ல வா" என்றார்கள் எல்லோரும்.

சிலம்பரசன் விடவில்லை. "பயந்தாங்கொள்ளிங்கம்மா அந்தாளு. தானும் பயந்து, பசங்களையும் பயமுறுத்தி வெச்சிருக்கான். டேய் முதசிர், அன்னைக்கு சொன்னியே, சொல்லுடா."

முதசிர் தயங்கினான். "பெருநாளுக்கு வந்தப்ப ஆமிர் பள்ளிவாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துதான் தொழுதான். இருவத்தி ரெண்டு வயசுல! கேட்டா, காலை அலட்டிக்க வேண்டாம்னு கோச் சொல்லிருக்காருங்கறான்."

"பாத்தீங்களா? அவ்வளவு கட்டுப்பாடு. வெளையாட வுட்டாலாவது பரவால்ல."

ஜுபைதா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "வெளையாடாட்டியும் போவுது தம்பி. அவன் டீம்ல இருந்தாப் போதும். மே மாசம் வரைக்கும் ஒப்பந்தம் இருக்குது. அவன் சம்பளத்துலதான் எங்க வூடு ஓடுது."

மகனின் ஆட்டத்தை விடச் சம்பளம் பெரிதாகிவிட்டது இந்த அம்மாவுக்கு என்று நினைத்தபோது சிலம்பரசனுக்கு வருத்தமாகவே இருந்தது. இனி பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த டீமும் உருப்படாது, ஆமிரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டான். கேரியரை வாங்கிச் சீட்டுக்கடியில் தள்ளினான். ஓசூர் தாண்டியதும் திறந்து தின்றுவிடுவது என்பது வேனில் எல்லோரும் பேசாமலே எடுத்த முடிவு.

அப்போதுதான் முதசிரின் செல்போன் சிணுங்கியது. படித்தவன் துள்ளிக் குதித்தான்.

"அண்ணா! கோச்சைத் தூக்கிட்டாங்க! ரசிகர்கள் கேட்டுக்கிட்டபடின்னு கிளப்பே போட்டிருக்காங்க!"

வேன் அதிர்ந்தது. கருப்பண்ணன் சின்னராஜையே கட்டிப்பிடித்துவிட்டுக் கீழே குதித்தார். முதசிர் மறுபடியும் கத்தினான்.

"இருங்க, இருங்க! புதுக் கோச்சு சாயங்காலம் மேட்சுல ஆமிரை முதல் பதினொண்ணுல போட்டிருக்காரு!"

முதல் வெற்றிக்கென்று வாங்கி, வெடிக்க நாள் வராமல் வேனிலேயே கிடந்த பட்டாசுச் சரம் தெருவில் இறங்கியது. சிலம்பரசனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எத்தனை மாத வயிற்றெரிச்சல்! ஒரு பையனுக்காக ஒரு ஊரே சண்டை போட்டு ஜெயித்திருக்கிறது.

ஜுபைதா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சந்தோசம் தாங்கல அவங்களுக்கு. தண்ணி குடுங்கடா" என்றார் கருப்பண்ணன்.

ஜுபைதாவின் கையிலிருந்த செல்போன் அடித்தது. ஆமிர். அவர் எடுக்காமல் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க, சிலம்பரசன் வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய் ஆமிரு! சிலம்பு அண்ணன் பேசறேன்டா! உன்னை பெஞ்சுல உக்கார வெச்ச ஆளைத் துரத்திட்டோம் பாத்தியா? எல்லாம் நம்ம ஊருக்காரங்க போட்ட கையெழுத்து!"

ஆமிர் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களாண்ணா?"

"இருக்காங்க, எல்லாரும் இருக்கோம். பேசுடா, ஊரே கேக்குது!"

சரம் வெடித்து ஓய்ந்தது. ஆமிரின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது.

"சீசன் ஆரம்பிக்கும்போதே என் முட்டி ஜவ்வு கிழிஞ்சு போச்சுண்ணா. அதை வெளிய சொல்லாம, என் வேலை போயிடாம பெஞ்சுல வெச்சுக் காப்பாத்துனதே அவருதாண்ணா."