விருந்தாளிக்குச் செருப்பு இல்லை

"இந்த ஜனவரிக் குளிர்ல வீட்டுக்கு வந்தவளை வெறும் சாக்ஸோட நிக்க வெச்சிருக்கியே, இதுதான் உங்க வீட்டுல சொல்லிக் கொடுத்த மரியாதையா?"

சமையலறையில் நாத்தனார் ரத்மிலா பொரிந்து தள்ளினாள். நிஷ் நகரத்தில் யார் வந்தாலும், ஷூவைக் கழற்றியதும் காலுக்கு வீட்டுச் செருப்பை எடுத்துப் போட்டுவிடுவார்கள். காலில் குளிர் ஏறினால் சிறுநீரகம் போய்விடும் என்பது ரத்மிலாவின் அசைக்க முடியாத மருத்துவம்.

"அவங்களேதான் வேண்டாம்னாங்க அக்கா," என்றாள் ஸ்லாவிட்சா, காபி பொங்குவதைப் பார்த்தபடி.

"வேண்டாம்னா விட்டுடறதா? சரி, அவ என்னதான் பண்றா? வாராவாரம் வர்றா, காபி குடிக்கிறா, உன்கிட்ட கதை பேசறா. பிள்ளையை ஒரு விரலால தொட்டிருப்பாளா? இதுக்குப் பேர் தெரபியா? எனக்கும்தான் காபி குடிக்கத் தெரியும்."

பிள்ளை வூகனுக்கு மூன்று வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வாசல் கூடையில் இருக்கும் செருப்புகளைத் தரையில் வரிசையாக அடுக்குவான். நாளெல்லாம் அதுதான் விளையாட்டு.

தெரபிஸ்ட் நெவென்கா முதல் தடவை வந்தபோது ஸ்லாவிட்சா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நான் அவன் அம்மான்னு அவனுக்குத் தெரியுமா?"

நெவென்கா அன்று பதில் சொல்லவில்லை.

"ஸ்லாவிட்சா, இங்க வாங்க. நீங்களும் செருப்பைக் கழற்றிட்டு என் பக்கத்துல நில்லுங்க," என்று வாசலிலிருந்து இப்போது அவள் குரல் வந்தது.

"இது வேறயா!" ரத்மிலாவும் பின்னாலேயே போனாள். இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றே போனாள். "இந்தாங்கம்மா, உங்களைத்தான்..."

நெவென்கா உதட்டில் விரலை வைத்தாள்.

வூகன் வரிசையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தான். நெவென்கா நீட்டியிருந்த காலைச் சுற்றிக்கொண்டு போனான். செருப்பைக் கழற்றி நின்ற அம்மாவின் காலடியில் அதை வைத்தான். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

ஸ்லாவிட்சா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ரத்மிலாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கணும். ஆள் தெரியாம கொடுத்துட்டான்."

"தெரிஞ்சுதாங்க கொடுத்தான்." நெவென்காவின் கண்ணும் கலங்கியிருந்தது. "நான் தூக்கிக் கொஞ்சி விளையாடியிருந்தா, என்கிட்ட கொண்டு வந்திருப்பான். நான் செவ்வாய்க்கிழமை மட்டும் வர்றவ. மத்த நாளெல்லாம் அவன் யார்கிட்ட போவான்?"

ரத்மிலா குனிந்து தன் செருப்பைக் கழற்றி வூகனின் வரிசைக் கடைசியில் வைத்தாள். வெறும் காலோடு அந்தக் குளிர்ந்த தரையில் போய், ஸ்லாவிட்சாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.