எண்ணெய்ப் பக்குவம்

செத்த கோழியைக் கால்நடை டாக்டர் கத்தியால் பிளந்தபோது, ஒசரெட்டினைவிட ஊயிக்குத்தான் அதிகமாக வியர்த்தது. செத்ததெல்லாம் ஒசரெட்டின் தீனி போடும் முதல் கொட்டகைக் கோழிகள். ஊயி அதே பண்ணையில் பக்கத்துக் கொட்டகைக்குத் தீனி போடுபவன். கூட்டாளிக்கு வேலை போய்விடுமோ என்ற கவலை போலிருக்கிறது, பாவம்.

“ஈரலா மேடம் இது? வெண்ணெய்க் கட்டி! தீனியில எண்ணெய் ஊத்துறீங்களா?”

“என் அண்ணன் ஆலைப் பாமாயில். கோழி கொழுத்தா முட்டை பெருகும்னு நான்தான் ஊத்தச் சொன்னேன்” என்று இடுப்பில் கை வைத்தாள் பண்ணைக்காரி இயோபோசா.

“கூண்டுல உட்கார்ந்தே தின்னுற கோழி. அத்தனை கொழுப்பும் ஈரல்லதான் சேரும். கடைசியில ஈரல் வெடிச்சுச் சாகும். இன்னைக்கே நிறுத்துங்க.”

“அதெப்படி? ரெண்டு கொட்டகைக்கும் அதே எண்ணெயைத்தானே கொடுக்கிறேன்! ஊயியோட கோழி ஒண்ணுகூடச் சாகலியே! டேய் ஒசரெட்டின், வேற என்னத்தடா கலந்தே? உண்மையைச் சொல்லு, இல்லேன்னா மூட்டையைக் கட்டு!”

“நீங்க சொன்ன அளவுதான் மேடம். கத்தியைக் கொடுங்க டாக்டர், இரும்புச் சாமி பேரால அதைக் கடிச்சுச் சத்தியம் பண்றேன்!”

கோழி ரத்தம் சொட்டிய கத்தியை டாக்டர் அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

எல்லோரும் ஊயியின் கொட்டகைக்குப் போனார்கள். அவன் கலந்து வைத்திருந்த தீனியைத் தொட்டியில் கொட்டியதும் புழுதி கிளம்பி, டாக்டர் விடாமல் தும்மினார். கோழிகளோ கொண்டை சிவக்கச் சுறுசுறுப்பாகக் கொத்தின.

“ஆச்சரியமா இருக்கே! எப்படிப்பா?” என்றார் மூக்கைத் துடைத்தபடி.

ஊயி தலையைச் சொறிந்தான். “எல்லாம் கலக்குற பக்குவம்தான் டாக்டர்.”

இயோபோசாவின் முகம் மலர்ந்தது. அண்ணன் எண்ணெய் மேல் பழி இல்லை, அது போதும் அவளுக்கு.

“ஒசரெட்டின், நீ இனிமே முட்டை பொறுக்கு, போதும். உன் எண்ணெய் டின்னை ஊயிகிட்டக் கொடுத்துடு. நாளையிலிருந்து ரெண்டு கொட்டகைக்கும் அவன்தான் தீனி கலக்கணும்!”

வேலை தப்பியதே பெரிது என்று ஒசரெட்டின் டின்னைத் தானே சுமந்து வந்து வைத்தான். ஊயியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி வேறு சொன்னான்.

எல்லோரும் போன பிறகு ஊயி மனைவிக்குப் போன் போட்டான்.

“நம்ம கடைக்கு வடை சுட இன்னொரு வாணலி வாங்கிடு. நாளையிலிருந்து எண்ணெய் ரெண்டு டின்!”